முடிந்ததற்கு முன்பே முடிந்தது

பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துப் பிழைப்பது வேறு ஊர்களில் கௌரவமான தொழிலாக இருக்கலாம். மலாக்காவில், ஆயர் குரோ கடை வரிசையில் ஒரு டோபி கடைக்கு மேல்மாடியில், அதுவும் கொன்ட்ராக்கில் சொல்லிக்கொடுத்தால் அதில் கௌரவமும் கிடையாது, பிழைப்பும் கிடையாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டு வேலையைப் புதுப்பித்துக்கொள்ளும் என் அருமை ஜனங்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கல்யாண வீட்டில் யாராவது "பெர்மனென்டா, கொன்ட்ராக்கா?" என்று கேட்டதும் உங்கள் தட்டில் இருக்கும் கோழி கசந்துபோகிறதா? அப்படியானால் நீங்களும் நானும் ஒரே கட்சி. பெர்மனென்ட் ஆனவர்கள் வேண்டுமானால் படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளட்டும்.

என் கதை சின்னது. பெயர் ஸ்டெல்லா. அப்பா சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தவர். நான் கே.எல்.லில், அதாவது கோலாலம்பூரில், யுனிவர்சிட்டி படித்தபோது கூடுதலாக ஒரு மொழி எடுக்கச் சொன்னார்கள். ஜப்பான் மொழி வகுப்பு நிறைந்துவிட்டது, பிரெஞ்சில் இடம் கிடந்தது, எடுத்தேன். பிறகு ஒரு வருஷம் பிரான்சில் ஒரு வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே பேச்சையும் தேற்றிக்கொண்டேன். ஊர் திரும்பியதிலிருந்து கொன்ட்ராக்தான். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

பெர்ஃபெக்ட்டுக்கும் மேலே

பிரெஞ்சில் ஒரு இறந்தகாலம் உண்டு. அதன் பெயர் ப்ளூஸ்-க-பார்ஃபே. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பெர்ஃபெக்ட்டுக்கும் மேலே' என்று அர்த்தம். ஒரு காரியம் முடிந்தது. அது முடிவதற்கு முன்பே இன்னொரு காரியம் முடிந்திருந்தது. அந்த இரண்டாவதைச் சொல்வதற்கான காலம் இது. தேர்வுக்குப் போகிறவர்கள் மற்றதையெல்லாம் சமாளித்துவிட்டு இங்கே வந்துதான் குப்புற விழுவார்கள்.

நான் இதைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்த அன்று எங்கள் காலேஜ் டைரக்டர் சேகரன் வகுப்பைப் பார்வையிட வந்தார். பின்வரிசையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் போனைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். வகுப்பு முடிந்ததும் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். இந்த பேட்ச் தேர்வில் பாஸ் பண்ணட்டும், பிரெஞ்சை நிரந்தரக் கோர்ஸ் ஆக்கிவிடலாம், உங்களையும் பெர்மனென்ட் ஆக்கிவிடலாம் என்றார். ஜனங்களே, நான் சத்தியமாக நம்பினேன். அந்தச் சொல்லுக்காக இத்தனை வருஷம் காத்துக்கிடந்தவள் நம்பாமல் என்ன செய்வேன்?

ஆக, என் வேலை இனி ஒரு வினைச்சொல்லின் கையில். அதைத்தான் இன்னும் நிறைய நேரம் எடுத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"மிஸ் ஸ்டெல்லா, முடிஞ்சது முடிஞ்சிருச்சி லா. அதுல முன்ன என்னா, பின்ன என்னா? மலாய்க்காரங்க எது முடிஞ்சாலும் ஒரு 'சுடா'வ போட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போறாங்கல்ல?"

ரயில் வராத ஊர்

எந்தப் பிரெஞ்சுப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்தக் காலத்துக்கு ஒரே உதாரணம்தான். 'நான் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயில் கிளம்பிப் போயிருந்தது.' நான் போனது இறந்தகாலம், ரயில் போனது அதற்கும் முந்தைய இறந்தகாலம். பாரிசில் இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

என் வகுப்பில் செல்வி கையைத் தூக்கினாள். செல்வி தனியார் மருத்துவமனையில் நர்ஸ். மஸ்ஜித் தானாவிலிருந்து காரில் வருகிறவள். புருஷனும் அவளும் கனடாவில் கியூபெக் பக்கம் போய்விட வேண்டும் என்று ஒரே பிடியாக இருந்தார்கள், அதற்குப் பிரெஞ்சுத் தேர்வு வேண்டும். "மேடம், மலாக்கா டவுன்ல ரயிலே கிடையாதே. தம்பின் ஸ்டேஷன் வரைக்கும்ல போவணும்?" என்றாள். சரிதான். புத்தகம் எழுதினவனுக்கு அது தெரியுமா? ரயிலைத் தூக்கிவிட்டு பஸ்ஸைப் போட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது மஸ்ஜித் தானா பஸ் கிளம்பிப் போயிருந்தது.

வகுப்பு சிரித்தது. எங்கள் பக்கம் கார் இல்லாதவர் வீட்டை விட்டு இறங்குவதே இல்லை, பஸ்ஸில் ஏறியதாக யாருக்கும் ஞாபகமே இல்லை. ஹமீது நானாதான் தீர்ப்புச் சொன்னார். டவுனில் மசாலாக் கடை வைத்திருப்பவர், வகுப்பிலேயே மூத்தவர், ஆகவே எல்லோருக்கும் நானா, அண்ணன்.

"டீச்சர், பஸ்ஸு போயிருந்துச்சின்னு சொல்லணும்னா, மொதல்ல அது வந்திருக்கணும்ல?"

படத்தில் இருப்பவர்

மாடிப்படி ஏறும் இடத்தில் எங்கள் காலேஜ் ஒரு பெரிய பேனர் கட்டியிருந்தது. பிரெஞ்சு கற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதி, பின்னால் ஐஃபில் கோபுரம், முன்னால் பொன்னிறக் கூந்தலோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சிரிப்பாள். யாரோ, எங்கேயோ எடுத்த படம். அந்தப் பெண்ணுக்குப் பிரெஞ்சு தெரியுமா என்பதே சந்தேகம்.

ஒரு நாள் ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு விசாரிக்க வந்தார். நம் ஆள்தான், ஆயர் குரோவிலேயே வீடு. நான் கவுன்டரில் நின்றுகொண்டு கோர்ஸைப் பற்றி ஆதியோடந்தமாகச் சொன்னேன். அவர் நான் ஏதோ கிளார்க் என்று நினைத்துப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "டீச்சர் யாரு?" என்றார். "நான்தான்" என்றேன். என் முகத்தைப் பார்த்தார், என் சுடிதாரைப் பார்த்தார், பிறகு வாசல் பக்கம் திரும்பிப் பேனரைப் பார்த்தார். எனக்கு எரிந்தது. பிரான்சில் நான் வேலை பார்த்த வீட்டுக்காரர்கள்கூட என்னை இப்படிப் பார்த்ததில்லை. அவர்கள் நான் எப்படிப் பேசுகிறேன் என்பதையாவது கேட்டார்கள்.

அந்த அம்மாவின் மேலும் தப்பில்லை. படத்தைக் காட்டி ஏமாற்றியது நாங்கள். குரலைத் தாழ்த்தி, என் மனம் நோகக் கூடாது என்ற அக்கறையோடுதான் கேட்டார்.

"அந்தப் படத்துல இருக்காங்களே, அவங்க எந்த நாள்ல வருவாங்கம்மா? நாங்க அன்னிக்கே வந்துர்றோம்."

என்னைச் சாப்பிட்டிருந்தார்கள்

தேர்வில் வாய்மொழிப் பகுதியில் நடந்த கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு வகுப்பில் பயிற்சி வைத்தேன். 'வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே நான் பசியாறியிருந்தேன்' என்று சொல்லுங்கள் என்றேன். செல்வி எழுந்து, கொஞ்சமும் தயங்காமல், "ஜெத்தே மான்ஜே" என்றாள். அதற்கு அர்த்தம்: நான் சாப்பிடப்பட்டிருந்தேன். யாரோ செல்வியைப் பசியாறிவிட்டார்கள்.

அதோடு விட்டதா? ஊசி போட்டிருந்தேன் என்று சொல்லப்போய்த் தனக்கே ஊசி போட்டுக்கொண்டாள். கடையைத் திறந்திருந்தேன் என்று சொல்லப்போன ஹமீது நானா, தானே திறந்து கிடந்தார். பின்வரிசையில் ஒருவர் துணி துவைத்திருந்தேன் என்று தொடங்கித் தன்னையே துவைத்துக் காயப்போட்டார். நான் சிரிக்கவில்லை. இவர்கள் இப்படியே தேர்வுக்குப் போனால் என் பெர்மனென்ட்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுவார்கள்.

தப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், அதுதான் கொடுமை. தமிழில் போயிருந்தேன், வந்திருந்தேன், சாப்பிட்டிருந்தேன், துவைத்திருந்தேன் எல்லாமே 'இரு'. பிரெஞ்சிலும் 'இரு' என்று ஒரு வினை உண்டு, எத்ர். போவதற்கும் வருவதற்கும் கிளம்புவதற்கும் அதைத்தான் போட வேண்டும். ரயில் உதாரணத்தில் எல்லோரும் சரியாகச் சொன்னது அதனால்தான். ஆனால் சாப்பிட, துவைக்க, திறக்க எல்லாம் இன்னொரு வினை வேண்டும். அவ்வார். ஒன்றை உடையவனாக இருப்பது, சொந்தமாக வைத்துக்கொள்வது. தமிழில் அதற்கு நேரான வினை கிடையாது. 'எனக்கு வீடு இருக்கு' என்போம். வீடு அது பாட்டுக்கு இருக்கிறது, நாம் பக்கத்தில் நிற்கிறோம், அவ்வளவுதான்.

அன்று பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு எனக்கு வேறு ஞாபகம் வந்தது. அப்பா வேலை பார்த்த தோட்டத்தில் நாங்கள் தொழிலாளர் லயத்தில் இருந்தோம். இருந்தோம், அவ்வளவுதான். வைத்திருந்தது வேறு ஆள். விற்றபோது அவன் விற்றான், நாங்கள் கிளம்பினோம். இதையெல்லாம் வகுப்பில் சொல்ல முடியாதே. "வச்சிருக்கேன்னு சொல்றோம்ல, அதை நினைச்சுக்குங்க, அதுதான் அவ்வார்" என்று சமாளித்தேன். ஹமீது நானா அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை போட்டு மென்றார்.

"வச்சிருக்கேன்லயும் அந்த 'இருக்கேன்' வந்து உக்காந்திருக்கே, டீச்சர். நம்மள விட மாட்டேங்குதே அது."

பப்பி

ஹமீது நானா எதற்குப் பிரெஞ்சு படிக்கிறார் என்று எல்லோருக்கும் ஆச்சரியம். மகளைக் காரைக்கால் குடும்பம் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் ரொம்ப காலமாகப் பாரிசுக்குப் பக்கத்தில் குடியேறியவர்கள். பேரன் இம்ரானுக்குப் பள்ளிக்கூடம், கூட்டாளி, கார்ட்டூன் எல்லாம் பிரெஞ்சு. மகள் வேலைக்குப் போகிறாள், பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் வரும். தாத்தாவும் பேரனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

பிரெஞ்சுப் பிள்ளைகள் தாத்தாவைப் 'பப்பி' என்று கூப்பிடுவார்கள். இம்ரானும் அப்படித்தான். ஒரு வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம், மலாய் வாடிக்கையாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கை முழுக்க மிளகாய்த்தூள், நானா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். பிள்ளை தொண்டை கிழியக் கூப்பிட்டது. பப்பி! பப்பி! மலாய் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு, அது காதில் 'பாபி' என்று விழும், பாபி என்றால் பன்றி. ஒரு முஸ்லிம் கடையில், தொழுகை முடித்து வந்த ஜனங்களுக்கு நடுவே, முதலாளியின் போன் அவரைப் பன்றி பன்றி என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? ஒரு மாச்சிக், வயதான மலாய் அம்மா, கையில் எடுத்த மல்லித்தூளைத் திரும்ப வைத்துவிட்டாராம்.

நானாவுக்கு அவமானம் பெரிதாகப் படவில்லை. வகுப்பில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வேறு பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லலாமே என்று செல்வி யோசனை சொன்னாள். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

"வேணாம்மா. அந்தப் புள்ள வாய்லேர்ந்து எனக்குன்னு வர்றது அந்த ஒரு வார்த்தைதான்."

தெரிந்திருந்தால்

உறவுக்காரப் பெண்ணின் கல்யாணம், ஆயர் குரோவில் ஒரு மண்டபத்தில். என் மேஜைக்கு நேர் எதிரே சித்தி வந்து உட்கார்ந்தார். சாப்பாடு வருவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிட்டது. பெர்மனென்டா? இன்னும் இல்லை சித்தி. அதற்குப் பிறகு சித்தியை யாராலும் நிறுத்த முடியவில்லை. தமிழ் டீச்சருக்குப் படித்திருந்தால் இந்நேரம் கவர்ன்மென்ட்டில் சேர்ந்திருப்பேன், அப்போதே வீடு வாங்கியிருப்பேன், வீடு வாங்கியிருந்தால் அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று போயிருக்க மாட்டான்.

அந்த மாப்பிள்ளையை நானே மறந்திருந்தேன். சித்தி மறக்கவில்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றையும் பிரெஞ்சில் மாற்றிக்கொண்டிருந்தேன். 'படித்திருந்தால்' என்பதற்கு இதே ப்ளூஸ்-க-பார்ஃபேதான் வரும். நடக்காமல் போனதற்கு வருத்தப்படவும் பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் காலத்தைத்தான் எடுக்கிறார்கள். தோட்டத்தை விற்றபோது அங்கேயே ஒரு வீடு வாங்கிப் போட்டிருந்தால், பிள்ளையை நல்ல பள்ளியில் சேர்த்திருந்தால், அந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால். எங்கள் ஜனங்களுக்கு இந்தக் காலம் தாய்ப்பாலில் கலந்து வந்தது. இதைப் போய்க் கஷ்டம் என்கிறார்கள்.

வாயை அடைக்க வேண்டுமே என்று, டைரக்டர் பெர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார், பிள்ளைகள் பாஸ் பண்ணினால் போதும் என்றேன். சித்தி ரசத்தை உறிஞ்சிவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"குடுப்பேன்னு சொன்னாங்களா, குடுத்துட்டாங்களா? அத மொதல்ல தெளிவா சொல்லுடி."

யார் காத்திருந்தது

தேர்வு நெருங்கியது. நான் சனிக்கிழமை காலை வகுப்பை மதியம் வரை இழுத்தேன், யாரும் கேட்காமலேயே. கீழே டோபியில் மெஷின் சுற்றும், மேலே நாங்கள் அவ்வாருக்கு ஆவே, எத்ருக்கு எத்தே என்று கத்துவோம். கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் தேறி வந்தார்கள். செல்வியை யாரும் தின்னவில்லை. ஹமீது நானாவுக்கு மட்டும் அவசரத்தில் 'இரு'தான் வாயில் வரும்.

ஒரு சனிக்கிழமை நானா முகம் வாடி வந்து உட்கார்ந்தார். முந்தின நாள் மகளிடமிருந்து போன் வர ரொம்பத் தாமதமாம். கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் பேரன் முகம் தெரிந்ததும், உனக்காகக் காத்திருந்தேன் என்று பிரெஞ்சில் சொல்ல ஆசைப்பட்டார். அவரே யோசித்துச் சேர்த்த முதல் வாக்கியம் அது. காத்திருந்தேன், கடைசியில் இருப்பது 'இரு'. "ஜெத்தே அத்தாந்து" என்றார். அதற்கு அர்த்தம் தலைகீழ். எனக்காகக் காத்திருந்தார்கள்.

பிள்ளை பாவம், புரியாமல் நேராகக் கேட்டிருக்கிறது. யார் பப்பி? யார் உங்களுக்காகக் காத்திருந்தாங்க? நானாவுக்குக் கேள்வி புரிந்தது, பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குள் அங்கே யாரோ பிள்ளையைக் குளிக்கக் கூப்பிட்டார்கள். போன் முடிந்துவிட்டது.

அவ்வார் போட வேண்டும் நானா, ஜாவே அத்தாந்து, என்று எழுதிக் காட்டினேன். இந்த மனுஷனுக்கு நான் வேறு என்ன செய்துவிட முடியும்? அவர் மெதுவாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தார், இந்த முறை சரியாக வந்தது. பிறகு என்னைத்தான் ஆறுதல்படுத்தினார்.

"வுடுங்க டீச்சர். புள்ள தப்பா ஒண்ணும் கேக்கல. யாரும் காத்திருக்கலதானே."

பாஸ்

கே.எல்.லுக்குப் போய்த் தேர்வு எழுதினார்கள். செல்வி ஆஸ்பத்திரியில் லீவு போட்டுத் தன் காரிலேயே எல்லோரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போனாள். முடிவு வந்த அன்று முதலில் வாட்ஸ்அப்பில் கத்தியது அவள்தான். அவள் பாஸ். பின்வரிசைத் துணி துவைத்தவர் பாஸ். ஹமீது நானா, வாய்மொழியில் பேரனைப் பற்றிப் பேசி, பாஸ். என் வகுப்பில் ஒருவர்கூடத் தவறவில்லை.

நான் சிம்பாங் அம்பாட் வீட்டிலிருந்து ஆயர் குரோவுக்கு எப்படி ஓட்டி வந்தேன் என்று எனக்கே தெரியாது. வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். சித்திக்கு எந்த வாக்கியத்தில் சொல்வது என்றுகூட முடிவு பண்ணியிருந்தேன்: குடுத்துட்டாங்க சித்தி. டைரக்டர் அறையில் நிற்கும்போது மூச்சு வாங்கியது. எல்லாரும் பாஸ் சார் என்றேன். அவரும் சந்தோஷப்பட்டார், அதில் பொய் இல்லை. கையெல்லாம் குலுக்கினார். பேனரில் போட்டுவிடலாம் என்றார். பெர்மனென்ட் விஷயம் என்று நான் தொடங்கியதும், குழந்தை ஏதோ கணக்குத் தெரியாமல் கேட்டதைப் போல என்னைப் பார்த்தார். புது பேட்ச் விஷயமாகச் சனிக்கிழமை வாங்க, பார்க்கலாம் என்றார். அதற்கு முன் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

"பாஸ்தான் பண்ணிட்டாங்கல்ல, மிஸ் ஸ்டெல்லா? இனிமே அவங்களுக்கு கிளாஸ் எதுக்கு? கிளாஸே இல்லாத டீச்சருக்கு பெர்மனென்ட் எதுக்கு லா?"

சனிக்கிழமை

அப்படியும் சனிக்கிழமை போனேன். கொன்ட்ராக்காரர்களுக்கு மானம் ரோஷம் எல்லாம் உண்டு, ஆனால் புது பேட்ச் என்று யாராவது சொன்னால் போய்விடுவோம். மாடிப்படியில் பேனரைக் காணவில்லை. பொன்னிறக் கூந்தல்காரியும் போய்விட்டாள், ஐஃபில் கோபுரமும் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு கொரியப் பெண், இதே மாதிரி புத்தகத்தை அணைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு நிமிஷம் அவளுக்கும் எனக்கும் நடுவே பகை எதுவும் இல்லை. பாவம், அவளும் யாரோ.

மேலே கவுன்டரில் உட்காரும் மலாய்க்கார அக்கா கக் நோர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார், ஒரு அட்டைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். என் மார்க்கர் பேனாக்கள், என் குவளை, நான் அறையில் விட்டுவைத்த குளிருக்குப் போடும் சட்டை. பெட்டியை நல்ல டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அவசரத்தில் ஒட்டியதாகத் தெரியவில்லை.

வகுப்பறைக்கு வெளியே செல்வியும் ஹமீது நானாவும் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள், நானா கையில் குவே பலகாரப் பெட்டி. என்னைக் கண்டதும் செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே விளக்கெல்லாம் எரிந்தது. நிறையப் பிள்ளைகள், பெரும்பாலும் இளசுகள், யாரோ ஒருத்தர் சொல்லச் சொல்ல கொரிய மொழியில் ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வாரப் பாடம் என்று பலகையில் எழுதியிருந்தது. அப்படியென்றால் போன வாரமே தொடங்கியாயிற்று. அப்படியென்றால் அதற்கும் முன்பே ஆள் சேர்த்தாயிற்று. அப்படியென்றால் என் பிள்ளைகள் பாஸ் பண்ணட்டும் என்று நான் மதியம் வரை தொண்டை காயக் கத்திக்கொண்டிருந்த நாட்களிலேயே, கீழே எங்கேயோ இந்தப் பேனரை அச்சடித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது. நானா அதைப் பார்த்துவிட்டார். தமிழில் சொன்னால் எனக்கு வலிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னார். "கான் வூஸெத் அரிவே, இல்ஸாவே தேஜா கொமான்ஸே." நீங்கள் வந்து சேர்ந்தபோது, அவர்கள் ஏற்கெனவே தொடங்கியிருந்தார்கள்.

என் மூளை கேட்காமலேயே திருத்தத் தொடங்கியது. வந்து சேர்வதற்கு எத்ர், சரி. தொடங்குவதற்கு அவ்வார், சரி. எது முன், எது பின், அதுவும் சரி. சிவப்பு மையில் வட்டம் போட ஓர் இடம்கூட இல்லை. நானா குவே பெட்டியை என் கையில் இருந்த பெட்டியின் மேல் வைத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியாத்தான் சொன்னனா, டீச்சர்?"

சரியாகத்தான் சொன்னார்: பெர்ஃபெக்ட்டுக்கும் மேலே என்று பெயர் வைத்த ஒரு காலத்தை நான் இத்தனை பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தது, என் வேலை எப்போதோ போயிருந்ததை என் மாணவரே ஒரு பிழையும் இல்லாமல் எனக்கு எடுத்துச் சொல்வதற்குத்தான் பயன்பட்டது.